தீப்பெட்டியில் மூன்று ஜோடி

அண்ணா அவர்களுக்கு, வணக்கம்.

உங்களை எப்படி விளிப்பது என்று யோசித்ததிலேயே அரை மணி நேரம் போயிற்று. என் கணவர் உங்களைச் 'சுருள்' என்றே கூப்பிடுவார். நாள் முழுவதும் கம்பி சுற்றி டிரான்ஸ்பார்மர் செய்கிறவருக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் அந்த உரிமை எனக்குக் கிடையாது. நீங்கள் என்னைத் 'தங்கச்சி' என்பீர்கள். பதினொரு ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லாததால் அந்த உறவு காலாவதியாகிவிட்டதா என்று தெரியவில்லை. ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகம் நுரையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அதிகம் சிரமப்படவில்லை என்று மருத்துவர் சொன்னார். எல்லா மருத்துவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாலும் இவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

செய்தி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை நான்தான் எழுதினேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் உங்களை நினைவுபடுத்தினாள். அவர் சண்டை போட்டுக்கொண்டு போனவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் வராதது உங்கள் குற்றமன்று, என் குற்றம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தெரிந்த அளவில் கேட்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்கிறாள். சாப்பிட்டாயா என்பது முதல் கேள்வி. அப்பாவுடைய பாட்டுச் சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பொய் சொல்வது எளிது. இரண்டாவதற்கு ஒரு நாள் சரி என்றேன். கொடுப்பதற்கு முன் துடைத்து வைக்கலாம் என்று முன்னறைக்குள் போனேன். இசைத்தட்டுச் சாதனத்துக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே, ஊசியின் சன்னமான ஒலியைப் பெருக்கி அனுப்ப நீங்கள் செய்து கொடுத்த அந்தத் தகரப் பெட்டி இருந்தது. நான்கு திருகாணிகளில் ஒன்றின் தலை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அடிக்கடி திறந்து மூடியிருக்கிறார்கள். என் வீட்டில் என்னைக் கேட்காமல் அடிக்கடி திறந்து மூடப்பட்ட பெட்டியைத் திறந்து பார்க்காமல் விடுகிற பெண்ணல்ல நான்.

உள்ளே உங்கள் இரண்டு டிரான்ஸ்பார்மர்களும் பத்திரமாக இருந்தன. பக்கவாட்டில் பென்சிலால் '1:10' என்று எழுதியிருந்தீர்கள். வெளியேறும் முனைகளில் குறுக்காக ஒரு ரெசிஸ்டர் இருந்ததற்கான அடையாளம் இருந்தது. வெட்டப்பட்ட கால்களின் துணுக்குகள் மட்டும் ஈயத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. மூடியின் உட்புறத்தில் ஒரு தீப்பெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதில் மூன்று ஜோடி ரெசிஸ்டர்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றப்பட்டு, காகிதத்தில் தேதியோடு ஒரு வரி. வரைபட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் அல்லவா, எழுத்து அச்சடித்தது போல இருந்தது.

முதல் துண்டு, பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையது. நீங்கள் கடைசியாக வந்துபோய் இரண்டு வாரத்துக்குப் பின். '15 ஆயிரம் ஓம் எடுக்கப்பட்டது. 33 ஆயிரம் போடப்பட்டது. வயலின் திரும்ப வந்துவிட்டது.' இரண்டாவது, அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. '33 எடுக்கப்பட்டது. 100 போடப்பட்டது. தேவலை.' மூன்றாவது, இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து. '100 எடுக்கப்பட்டது. ஒன்றும் போடவில்லை.'

கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கத்தில் இருக்கும் சுமை மறுபக்கத்துக்கு, சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தி வகுத்தால் என்ன வருமோ அதுவாகத் தெரியும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு என் முன்னறையிலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்ததை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஆம்ப்ளிபயரின் வாயில் நாற்பத்தேழாயிரம் ஓம். அதோடு உங்கள் பதினைந்தாயிரம் பக்க இணைப்பாகச் சேர்ந்தால் பதினோராயிரத்துச் சொச்சம். பத்தின் வர்க்கமான நூறால் வகுத்தால் ஊசிக்குப் பின்னால் அசையும் மயிரிழைச் சுருள் காணும் சுமை நூற்றுப் பதினான்கு. அந்தச் சுருளின் தடை பன்னிரண்டு என்று அதன் துண்டுச்சீட்டில் அச்சிட்டிருக்கிறது. ஏறத்தாழ பத்து மடங்கு, இருக்க வேண்டிய அளவு. நீங்கள் சரியாகத்தான் செய்திருந்தீர்கள்.

அடுத்த மாற்றங்களுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு, முந்நூற்று இருபது, நானூற்று எழுபது. ஓம் ஏற ஏறச் சுருளின் மேல் சுமை குறையும், மேல் ஸ்வரங்கள் கட்டவிழ்ந்து கூர்மையாகும். பழக்கதோஷத்தில் ஆண்டுகளைக் கீழேயும் ஓம்களை மேலேயும் வைத்து வரைபடம்கூட வரைந்தேன். அழகாக ஏறுகிற கோடு. சுருளுக்கோ கம்பிக்கோ வயதாகாது. ஆகவே ஆண்டுக்காண்டு மேல் ஸ்வரம் குறைந்துகொண்டே போனது பெட்டிக்குள் அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. என் மாணவிகளில் மந்தமானவளுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் மாற்றத்தோடு எனக்குக் காது கூசத் தொடங்கியது. குறைக்கச் சொன்னேன், குறைத்தார், மறுநாள் கூட்டினார். இரண்டாவது மாற்றத்தோடு நடு அறைக் கதவைச் சாத்தினேன். மூன்றாவதற்குப் பிறகு கதவும் போதாமல் சமையலறைக்கே குடிபோனேன். கண்ணாடியைக் கத்தியால் கீறுவது போல இருக்கும். வயதானால் மனிதனின் ரசனை கெட்டுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார். என்னுடையதில் பழைய செய்தித்தாள்கள் இடுப்பளவு ஏறிவிட்டன. போன வாரம் ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தேன். முன்பு போல அவ்வளவு கூசவில்லை. ஊசி தேய்ந்திருக்கும்.

என் கேள்வி இதுதான். நீங்கள் கடைசியாக வந்த அன்றைக்கு 'சுருள் மந்தமா இருக்குடா, மேல சத்தமே இல்ல' என்று அவர் உங்களிடம் சத்தம் போட்டார். நீங்கள் தட்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்டீர்கள். பிறகு, 'என் தப்புதான்பா, சுத்துனதுல கோளாறு' என்று சொல்லிவிட்டு, நான் வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனீர்கள். ஒரு சுற்றுக் குறைந்தது என்று யாராவது சொன்னாலே மல்லுக்கு நிற்கிற ஆள் நீங்கள். இல்லாத தப்பை ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? உங்களுக்குத் தெரிந்திருந்ததா? அவருக்குத் தெரிந்திருந்ததா?

கேட்பதற்கு வேறு யாரும் மிச்சமில்லை. பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பட்டியலிலிருந்து உங்களை நீக்கிய
தங்கை

*

அண்ணா அவர்களுக்கு, வணக்கம்.

நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. எழுத்து நடுங்குகிறது. கை இப்படி ஆன பிறகு கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டதாக ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நானாக இருந்தால் அதற்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

அன்று தட்டு ஓடும்போது அவருக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன், அவர் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாவிச் சத்தம் சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. கிளம்ப அவசரப்படுகிறீர்கள், மரியாதை தெரியாத மனிதர் என்று தேநீரை ஆற்றிக்கொண்டே நினைத்தேன். ஒரே சத்தத்தை இரண்டு பேர் கேட்டிருக்கிறோம். ஒருவருக்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவர் உங்களோடு நடந்து வந்ததும், அங்கே சொன்னதும் எனக்குப் புதிய செய்தி. நீங்கள் எழுதியதை அப்படியே ஒருமுறை என் கையால் எழுதிப் பார்க்கிறேன். 'காது போயிட்டிருக்குடா. பழிய உன் சுருள் மேல போட்டுட்டேன், பொறுத்துக்க. வீட்ல தெரிஞ்சா எனக்கும் அண்ணன் கதிதான்.'

அண்ணன் கதி என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று படுகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இதை நானே சொல்லாமல் விட்டால் கடிதம் எழுதுவதில் பொருளில்லை. அவருடைய அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். நான் அவருக்குத் 'தலையாட்டி' என்று பெயர் வைத்தேன். குடும்பத்தார் கூடும்போதெல்லாம் அவரைப் போல நடித்துக் காட்டுவேன். நன்றாக நடிப்பேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், எல்லாரையும்விட என் கணவர் அதிகமாகச் சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல். அவர் போய்ச் சேரும் வரைக்கும் அந்த நாடகத்தை நான் நிறுத்தவில்லை. போன பிறகும் ஒருமுறை நடித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் கணவர் திருமணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் உடனே சரி என்றதில்லை. உப்பு முதல் ஓட்டு வரை வாதம் செய்வார். கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் ஆள் மாறிவிட்டார். நான் எதைச் சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டினார். இத்தனை காலம் கழித்துப் பக்குவம் வந்துவிட்டது, நான் சொல்வதில் நியாயம் இருப்பது இப்போதுதான் உறைக்கிறது என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். தலையாட்டியை நடித்துக் காட்டத் தெரிந்தவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரை அடையாளம் தெரியவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன் என்று துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். போகிறாரே தவிர ஒரு புத்தகமும் வீட்டுக்கு வருவதில்லை என்று கேலி செய்வேன். அதற்கும் தலையாட்டுவார். உங்கள் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அங்கே 'என்ன? என்னடா சொன்ன?' என்று கூச்சமே இல்லாமல் கேட்பார், நீங்களும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பதில் சொல்வீர்கள், பக்கத்துக் கடைக்காரர் சண்டை என்று நினைத்து ஒருமுறை விலக்கிவிட வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் அவர் என்னிடம் 'என்ன?' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் உங்களுக்குப் பொருந்துகிறது. தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது, கேட்டால் சொல்லிவிடுவேன், அதனால் வரவில்லை என்கிறீர்கள். சரி. ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னதாக எழுதியிருக்கிறீர்களே, எட்டு மாதமாக முதல் சனிக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்துத் தேநீர் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன் என்று. அந்த வரியை நான்கு தடவை படித்தேன். ஒரு பெயரை ஒரு பட்டியலில் எழுதாமல் விட்டதற்கு எட்டுத் தேநீர்.

பதினைந்தாயிரம் ஓம் ஜோடியைத் திரும்பப் போடப் போகிறேன். கால்கள் குட்டையாக இருக்கின்றன. என்ன செய்வது என்று எழுதுங்கள். சாமான்களைக் கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். 'ஏம்மா, நீ பாட்டே கேக்க மாட்டியே' என்றாள். அவள் சொன்னது உண்மைதான்.

தங்கை

*

அண்ணா அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடையில் ஈயம் பற்றவைக்கும் கருவி கேட்டபோது, பேரனுக்கா என்று கடைக்காரர் விசாரித்தார். எனக்குத்தான், எழுபத்தாறு வயதில் தொழில் மாற்றுகிறேன் என்றேன். மனிதர் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். சமையல் மேசையில் விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, குட்டைக் கால்களுக்குச் செம்புக் கம்பித் துண்டுகளை ஒட்டி நீளமாக்கினேன். அதிக நேரம் சூடு காட்டாதே என்று நீங்கள் அடிக்கோடிட்டிருந்தீர்கள். ரெசிஸ்டருக்குக் காட்டவில்லை. என் ஆள்காட்டி விரலுக்குத்தான் காட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. நான்கு முனைகளில் ஒன்று உருண்டை பிடித்து அசிங்கமாக இருக்கிறது. நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். ஆனால் பிடித்திருக்கிறது. அளந்தும் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது.

பிறகு என் நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை இறக்கினேன். ஆறு தடவை நடக்க வேண்டியிருந்தது. அடியில் இருந்தது ஏழாண்டுப் பழையது. நாற்காலியின் துணி புத்தம் புதிதாக இருக்கிறது. அவருடையது கைப்பிடியில் நூல் தெரிகிறது. நடுக்கதவைத் திறந்தே வைத்து, அவர் துண்டுத்தாளில் எழுதியிருந்த அதே வயலின் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். கூசவில்லை. கத்தியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து மறுபக்கமும் போட்டேன். இதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

ஆனால் எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இரண்டாம் பக்கம் பாதி ஓடும்போது, மேலே ஏதோ கொஞ்சம் குறைகிறது என்று தோன்றியது. சன்னமாக, ஜன்னலில் மெல்லிய திரை போட்டாற்போல. நான் பற்றவைத்ததில் கோளாறு என்று பெட்டியைத் திறந்தேன். கோளாறு இல்லை. மறுபடி கணக்குப் போட்டேன். நூற்றுப் பதினான்கு, மாற்றமில்லை. ஊசியை மாற்றலாம் என்று நினைத்தேன். தட்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். உங்கள் சுற்றில்தான் குறையோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் என் கை தீப்பெட்டியிலிருந்து முப்பத்துமூன்றாயிரம் ஜோடியைப் பிரித்து எடுத்துவிட்டது.

அப்போதுதான் முதல் கடிதத்தில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. ஒன்றுமே போடாத பெட்டியில் கேட்டும் முன்பு போல அவ்வளவு கூசவில்லை, ஊசி தேய்ந்திருக்கும் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? என்னைவிடத் தொழில் தெரிந்தவர், அதைப் படித்த உடனே உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு பதில்களிலும் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு செய்ததையே இப்போதும் செய்கிறீர்கள்.

அந்த ஜோடியை மறுபடி காகிதத்தில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காகிதத்தில் புதிய தேதி எதையும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். இரண்டு இடத்தில் அவள் சொன்னது சரியாகப் பிடிபடவில்லை. ம் என்றேன். அவளும் மேலே பேசிக்கொண்டு போனாள். எவ்வளவு எளிது என்று தெரிந்துகொண்டேன். அவளுக்குத் தொலைபேசியில் நான் தலையாட்டுவது தெரியாது.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை இங்கே வாருங்கள். பேருந்து அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறது. கை நடுங்கினால் பரவாயில்லை, தட்டை நான் போடுகிறேன், ஊசியை நான் வைக்கிறேன். நீங்கள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேளுங்கள். வேண்டுமானால் எனக்குப் பின்னால் நின்று சாவியைக் குலுக்குங்கள். முடிந்ததும் என் முகத்துக்கு நேரே, உரக்க, குறைவது பெட்டியிலா என்னிடமா என்று சொல்லுங்கள். உங்கள் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை ஒருமுறை கேட்டாயிற்று. என்ன என்று நான் திரும்பக் கேட்டால் மறுபடியும் சொல்லுங்கள். இந்த முறை தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

உங்களுக்கும் மேலே குறைவாகத்தான் கேட்கிறது என்றால், எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு ஒன்றும் போடாமல் கேட்போம். கதவைச் சாத்துவதற்கு இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி